செட்டியார்பட்டிக்குப் போன ஆட்ட வாத்தியார்

எனக்கு ஆடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் செட்டியார்பட்டியில் இதே வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கைப்பட்டாணி. அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியார். தைப்பூசத்தன்று உருமி முழங்கினால் என்னைச் சுற்றி நிற்கும் எல்லாரும் ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஆடப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் சட்டையையும் கழற்றி என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம்பகமான ஆள், இடத்தை விட்டு அசைய மாட்டான் என்று பெயர். சீனப் புத்தாண்டுக்குப் பள்ளிக்கூட வாசலில் சிங்க ஆட்டம் நடக்கும்போதும் அப்படித்தான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மகள் கல்யாணத்தில் ஜோகெட் ஆட என் மனைவி பாக்கியத்தைப் பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிறந்ததிலிருந்து ஜோகெட் ஆடியவள் போல ஆடினாள். நான் அவளுடைய செருப்புக்குக் காவல்.

பாக்கியம் செட்டியார்பட்டிக்காரி. ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது அந்த ஊர். கட்டிக்கொண்டு போய் இருபது வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில், நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

முதல் திவசம் முடிந்த கையோடு அவளுடைய அண்ணன் முத்தையா மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. ‘பங்குனிப் பொங்கலுக்கு வரவும். கட்டாயம் வரவும்.’ அவ்வளவுதான் கடிதம். பங்குனிப் பொங்கல் என்பது அவர்கள் ஊர்க் கோயில் திருவிழா. எனக்கும் அங்கே ஒரு வேலை பாக்கி இருந்தது. தன்னுடைய பட்டுச் சேலைகள் நான்கையும் அண்ணியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று பாக்கியம் சொல்லியிருந்தாள். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் சேலைகளை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளம்பியதிலிருந்து ஒரு பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு வீடுதான். அதுவும் அவள் வழியாக வந்த உறவு. அவளும் இல்லை, சேலையையும் கொடுத்தாகிவிட்டது என்றால், அப்புறம் எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது? இதுதான் கடைசிப் பயணம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், மச்சானோடு நான்கு பேர் நிற்கிறார்கள். கையில் ரோஜா மாலை. போன தடவை பாக்கியத்தோடு வந்தபோது மச்சான் மட்டும்தான் சைக்கிளோடு வந்திருந்தார். இப்போது எனக்கு எதற்கு மாலை என்று புரியவில்லை. மச்சான் என்னைத் தங்கச்சி புருஷன் என்று சொல்லவில்லை. “இவுகதான் வாத்தியாரு” என்றார். நால்வரும் ஒரே நேரத்தில் என் காலைப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக் கும்பிடும் மனிதர்களை நான் அதுவரை கண்டதில்லை. செருப்பில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நானும் குனிந்து பார்த்தேன்.

மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு. மலேசியாவில் நாங்கள் தேங்காய்ப்பாலை ஊற்றி எல்லாக் குழம்பையும் சாதுவாக்கி வைத்திருக்கிறோம். இங்கே மிளகாய் நேராக மண்டைக்கு ஏறியது. மச்சான் மனைவி சீனியம்மாள் பெட்டியை வாங்கித் திறந்து, மேலாக இருந்த சேலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, “இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா அண்ணே?” என்று கேட்டாள். நான் வந்த வேலை அத்தோடு முடிந்தது.

சாயங்காலம் கோயில் பொட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். ஓர் இரும்பு நாற்காலி போட்டிருந்தது. எதிரே பத்து ஆண்கள், காலில் சலங்கை, கையில் கலர் கைக்குட்டையோடு ஐந்தைந்து பேராக இரண்டு வரிசையில் எதிரும் புதிருமாக நின்றார்கள். முன்னால் முத்தையா மச்சானும் அவருக்கு எதிரே காதரும். காதர் அந்த ஊர்த் தையல்கடைக்காரர். காலையில் மாலை கொண்டுவந்த நால்வரில் ஒருவர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டார் போலிருந்தது. அவர் வந்து ஒரு ஜால்ராவை என் மடியில் வைத்து, “ஆரம்பிச்சு வைங்க வாத்தியாரே” என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறவரும் வாத்தியார்; சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறவரும் வாத்தியார்; ஒயிலாட்டத்துக்கு ஜால்ராவைத் தட்டிப் பாட்டெடுத்து அடி மாற்றிவிடுகிறவரும் வாத்தியார். இவர்களுடைய ஆட்ட வாத்தியார், மகனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டாராம். பொங்கலுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் ‘மலேயாவிலிருந்து வாத்தியார் வாறார்’ என்று மச்சான் சொல்லியிருக்கிறார். ஊரே காத்திருக்கிறது.

உடனே எழுந்து, ஐயா, நான் கணக்கு வாத்தியார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மச்சானுடைய மானம் போய்விடுமே என்று என்னிடமே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஒரு வருடமாக நான் எங்கேயும் எதற்கும் தேவைப்படவில்லை. வீட்டுக் கதவை நானே திறந்து நானே பூட்டிக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் சலங்கை கட்டிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆகவே பள்ளி ஆய்வாளர்கள் செய்வதைச் செய்தேன். “முதலில் நீங்கள் ஆடுங்கள், பார்க்கிறேன்” என்றேன். ஆடினார்கள். தோலக்கின் அடிக்கு இரண்டு வரிசையும் விலகிப் போய், திரும்பி, கைக்குட்டையை ஒரே வீச்சில் வீசி நெருங்கி வந்தன. நன்றாகத்தான் இருந்தது. நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு “ம்” என்றேன். நடுநடுவே, “கை இன்னும் கொஞ்சம் உயரட்டும்” என்றேன். கை உயர்ந்தது. “குனியும்போது சேர்ந்து குனியுங்கள்.” சேர்ந்து குனிந்தார்கள். எனக்கே நான் ஆட்ட வாத்தியார்தானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு அலாரம் வைக்காமல் தூங்கினேன்.

மறுநாள் காலையில் காதர் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். வாத்தியாருக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். தோளை அளந்தார், கையை அளந்தார். வானொலியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மரியாதைக்கு நானும் விரலால் மேஜையில் தாளம் போட்டேன். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்:

“வெரலு ஒரு பக்கம் போவுது, காலு ஒரு பக்கம் போவுதே வாத்தியாரே.”

பிறகு என் கழுத்தளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். சாமி கும்பிட என்று சொன்னாலும், ஓட்டம்தான் அது.

ஓடுவதற்கும் பஸ் வேண்டுமே. ராஜபாளையத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, கூடை எல்லாம் உள்ளே பறந்தன. இடம் போடுகிறார்களாம். எங்கள் ஊரில் வரிசையில் நின்று வரிசையில் ஏறிப் பழகியவன் நான். ஊரோடு ஒத்துப்போகலாம் என்று என் கைப்பையை ஒரு ஜன்னலுக்குள் போட்டேன். பையில் என் கடவுச்சீட்டு இருந்தது. வாசலில் ஏறப் போனால் பஸ் நகர்ந்துவிட்டது. வேறு இடத்துக்குத் திருப்பி நிறுத்தப் போகிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் பை பத்திரமாக இருந்தது. சுந்தரபாண்டியத்துக்குப் போகும் ஒரு பெண், மல்லிகைக் கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார வந்த இரண்டு பேரை, “ஆளு வருது, ஆளு வருது” என்று விரட்டியிருக்கிறாள். யார் வருவார் என்று தெரியாமலேயே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் நன்றி சொன்னதற்கு, ஏன் இப்படிப் பேசுகிறான் என்பது போலப் பார்த்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டில், முந்திரித் தோடு எரிகிற அடுப்பில் பெரிய இரும்புச் சட்டி. ஒருவர் நின்றபடி நீளமான கரண்டியால் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். கைக்கு வேலையே இல்லாதது போலிருந்தது. இடது காலிலிருந்து வலது காலுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் உடம்பு மாறி மாறிச் சாய்ந்தது. கரண்டி தானாகப் போய் வந்தது. இவ்வளவு நேரம் கை வலிக்காதா என்று கேட்டேன்.

“கையிலயா கிண்டுதோம், காலுலல்லா” என்றார். அதில் விளக்க என்ன இருக்கிறது என்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் சட்டிக்குப் பக்கத்தில் நின்று ரகசியமாக ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிப் பார்த்தேன். கழிவறைக்கு வழி கேட்க நிற்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, கடைப்பையன் கையைப் பின்பக்கமாகக் காட்டினான். மானம் போனதை மறைக்க அரைக் கிலோ கட்டச் சொன்னேன். பொட்டலம் கைக்கு வந்த பிறகுதான், அது பாக்கியத்துக்கு வாங்கியது என்று எனக்கு உறைத்தது. வெளியூர் போனால் இனிப்பு வாங்குவது, வீட்டுக்குப் போய் அவள் கையில் கொடுப்பது. இருபது வருடப் பழக்கம், ஒரு வருடத்தில் போய்விடுமா? குளத்துப் படியில் உட்கார்ந்து முடிந்த அளவு தின்றேன். தித்திப்பு திகட்டி, கண்ணில் நீர் வந்தது. திகட்டியதால்தான் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார். மிச்சத்தைச் சீனியம்மாளிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மச்சான் என்னை ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனார். சலங்கை வாங்க வேண்டும். வாத்தியார் பார்த்து எடுத்தால்தான் ஓசை சரியாக இருக்குமாம். கடைக்காரரும் அவர் மனைவியும் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களிடம் தமிழில் வியாபாரம், அவர்களுக்குள் தெலுங்கில் விமரிசனம். நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில் தெலுங்குக்காரர்கள் நிறைந்த ஒரு தோட்டத்தில். எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள்: “இவரு ஆட்டம் சொல்லிக் கொடுக்க வந்திருக்காராம். செருப்பைக் கழற்றிப் போடுறதுக்கே சுவரைப் பிடிக்கிறாரு.”

“சும்மா இரு, வெளிநாட்டில் அப்படி ஆடுவாங்களோ என்னமோ” என்றார் கணவர்.

நான் சலங்கையைக் காதருகே ஆட்டி, மிகவும் யோசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ராஜபாளையத்து மில்லில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவருக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்குமா? இரண்டு பேரும் ஒன்றும் கேட்காதவர்கள் போல வெளியே வந்தோம்.

எதிரே பரோட்டாக் கடை. எங்கள் ஊர் ரொட்டி சானாயின் அண்ணன் மாதிரி இருந்தது. ஆனால் சால்னாவுக்கு முன்னால் எங்கள் பருப்புக் குழம்பு நிற்காது. இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். எனக்கு ஆட்டம் தெரியாது மச்சான், ஓர் அடிகூடத் தெரியாது, ஊருக்கு முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்றேன்.

மச்சான் தண்ணீர் குடித்தார். “தெரியும் மாப்ளே. ஒங்களுக்கு ஆடத் தெரியாதுன்னு பாக்கியம் எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கா” என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. பிறகு ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் தட்டில் மிச்சமிருந்த வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினார்.

“நீங்க வாறீயன்னதும் ஊர்ல கேட்டாவ. தங்கச்சியே போயிட்டா, பிள்ளையும் இல்ல, இப்ப எதுக்கு அவிய வாறாவன்னு. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. வாத்தியாரு வாறாருன்னேன். ஆட்ட வாத்தியாரான்னாவ. ஆமான்னுட்டேன்.”

“உண்மையில் எதற்கு வரச் சொன்னீர்கள்?”

“அவளப் பத்திப் பேச எனக்கு ஆளு வேணும்லா. வீட்ல பேச்செடுத்தா சீனியம்மா அழுதுருதா.”

அதைச் சொன்னாரே தவிர, அவளைப் பற்றி நாங்கள் அன்று ஒன்றும் பேசவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து எனக்கு ஒரு வீட்டில் இடம் இருக்கிறதா இல்லையா என்று நான் மறுகிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில், என்னை எந்த உறவு சொல்லி அழைப்பது என்று அவரும் மறுகியிருக்கிறார். இன்னும் இரண்டு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். பஸ்ஸில் வரும்போது, ஆட்டக்காரர்களுக்கு முந்தின நாளே விஷயம் தெரிந்துவிட்டது, காதர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார் என்றார் மச்சான். “பெறவு ஏன் எல்லாரும் வாத்தியாரே வாத்தியாரேங்காவ?” என்று அவருடைய பேச்சிலேயே கேட்டேன். ஊரில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டுவிட்டால் மாற்ற முடியாது என்றார்.

பொங்கலன்று கோயில் பொட்டலில் நிற்க இடமில்லை. முதலில் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்கள் தேவராட்டம் ஆடினார்கள். பாட்டுக் கிடையாது, வாய் திறப்பதில்லை. ஒரே ஒரு மேளம் பேசுகிறது. காலெல்லாம் அதற்குப் பதில் சொல்கின்றன. தைப்பூசத்து உருமி மனிதனை அவனிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். இது அப்படியில்லை. மேளம் எவ்வளவு வேகம் பிடித்தாலும் வரிசை கலையவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அவ்வளவு கூட்டத்தில் தோளிடித்துக்கொண்டு நின்றபோதும், பக்கத்தில் திரும்பி, பார்த்தாயா என்று சொல்ல ஆள் இல்லை. அவள் இல்லாதது வீட்டைவிடக் கூட்டத்தில்தான் எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

அடுத்து நம்முடைய ஒயிலாட்டம். வாத்தியார் இல்லாததால் காதர் ஜால்ராவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். பத்தில் ஒருவர் போனால் ஒன்பது. இரண்டு வரிசைக்கு ஓர் ஆள் குறைகிறது. காதர் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டி என்னைப் பிடித்தார்.

“வாங்க வாத்தியாரே. தப்பா ஆடுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஒங்களுக்குன்னுதான் சட்ட தச்சிருக்கேன்.”

யாரோ குனிந்து சலங்கை கட்டினார்கள். யாரோ மஞ்சள் கைக்குட்டையைக் கையில் திணித்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல், காதர் விட்டுப்போன முன்னிடத்தை அப்படியே விட்டுவிட்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாத இடமாகப் பார்த்து அவர் வரிசையின் கடைசி ஆளுக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு நேர் எதிரே ஆள் இல்லை. வெறும் மண்தான் இருந்தது.

காதர் ஜால்ராவை உயர்த்தினார். வரிசையை ஒரு தடவை பார்த்தார். என்னிடம் வந்ததும் கை நின்றது.

“வாத்தியாரே, ஒங்க ஜோடி யாரு?”

ஆட்டத்தில் எதிரே நிற்கிறவருக்கு ஜோடி என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன்.

“அவ போன வருஷம் போயிட்டா.”

தோலக் நின்றுவிட்டது. என்ன சொல்லிவிட்டேன் என்று புரிவதற்குள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதர் ஜால்ராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்தில் சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எதிர் வரிசையில் முதல் ஆளாக நின்ற முத்தையா மச்சான் தன் இடத்தைவிட்டு வெளியே வந்தார். சலங்கை ஒலிக்க வரிசையின் நீளம் முழுவதும் நடந்து, கடைசிக்கு வந்து, எனக்கு எதிரே இருந்த வெறும் மண்ணில் நின்றார். முன்னால் இருந்தவர்கள் சத்தமில்லாமல் ஓர் இடம் தள்ளி நின்றுகொண்டார்கள். மச்சான் காதரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜால்ரா விழுந்தது. வலது காலை முன்னால் வைக்க வேண்டும். நான் இடது காலை வைத்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து ஆடுகிற மச்சான் என் காலைப் பார்த்தார்; பார்த்துவிட்டு, அவரும் இடது காலை வைத்தார்.